டென்னிஸுக்கு யாரைப் பார்க்கணும்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் டென்னிஸ் பந்து இல்லாத ஊர் கிடையாது. அறுப்பு முடிந்த வயலிலும் ஏரிக்கரைப் பொட்டலிலும் பையன்கள் அடிப்பது அதைத்தான். ஆடுவது மட்டும் கிரிக்கெட். அந்தப் பந்தை அது பிறந்த ஆட்டத்துக்கே அடித்துப் பார்த்த பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அரியலூரில் சிமெண்ட் லோடுக்கு லாரி அனுப்பும் நண்பர் ஒருவர் பெரம்பலூர் வந்திருந்தார். பாலக்கரையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் கேட்டார்: "அண்ணே, பாப்பா டென்னிஸ் ஆடணும்கிறா. டிவியில சென்னை ஓபன் பார்த்ததுலேர்ந்து அதே பேச்சு. இதுக்கு யாரைப் பார்க்கணும்? கவர்மெண்ட் ஆபீஸ் ஏதாவது இருக்கா?"

ஆபீஸ் இருக்கிறது. ஆனால் அது அரசாங்கத்துடையது இல்லை. அங்கேதான் பேச்சை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

உலகத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று டென்னிஸ் சங்கங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. உலகச் சங்கம் 1913-ல் பாரிசில் 12 நாட்டுச் சங்கங்கள் கூடி உண்டாக்கியது. பந்து எவ்வளவு எழும்ப வேண்டும், வலை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அது எழுதும் சட்டம்தான். நம் நாட்டுக்கு 1920-ல் தொடங்கிய அகில இந்திய டென்னிஸ் சங்கம். ஆடும் பிள்ளைகளும் பெற்றோரும் அதை 'ஐட்டா' என்றுதான் சொல்வார்கள். அதன் கீழே தமிழ்நாடு டென்னிஸ் சங்கம், அதற்கும் கீழே மாவட்டச் சங்கங்கள். இவையெல்லாம் பதிவு செய்த சங்கங்கள். தலைவர், செயலாளர் தேர்தலில் வருகிறார்கள். ஒன்றிய அரசு செய்வது அங்கீகாரம் கொடுப்பதும், பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் கொஞ்சம் நிதி கொடுப்பதும். ஒரு விளையாட்டுக்கு ஒரு நாட்டில் ஒரே சங்கத்துக்குத்தான் அங்கீகாரம். அதனால்தான் அதன் கைக்கு அவ்வளவு அதிகாரம் வந்து சேர்கிறது.

"அப்ப அவங்க பர்மிஷன் இல்லாம ஆட முடியாதா?"

ஆடலாம். உங்கள் லாரியையே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. இன்ஜினை ஓட்டுவது ஆர்.டி.ஓ. இல்லை, டீசல் போடுவதும் அவர் இல்லை. ஆனால் ஆர்.சி. புத்தகமும் எஃப்.சி.யும் இல்லாமல் லாரி ரோட்டுக்கு வர முடியாது. தன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம். ஐட்டாவும் ஏறக்குறைய அப்படித்தான். பிள்ளைக்கு ஆடக் கற்றுக்கொடுப்பது கோச். செலவு செய்வது அப்பா, அம்மா. ஆனால் கணக்கில் வரும் போட்டி எது, எந்த ஊரில், எந்த வாரம், யார் யாருக்கு இடம், ஜெயித்தால் எத்தனை பாயிண்ட் என்பதைச் சொல்வது ஐட்டா. பெரியவர்களாகி உலகச் சுற்றில் ஆடுகிறவர்களுக்கு ஆண்கள் பக்கம் ஏ.டி.பி., பெண்கள் பக்கம் டபிள்யூ.டி.ஏ. என்று வேறு அமைப்புகள் வந்துவிடும். அதுவரைக்கும் பிள்ளையின் ஜாதகம் ஐட்டாவிடம்தான்.

அவர் மகளுக்கு ஒன்பது வயது. அவள் முதல் போட்டிக்குப் போவதாக வைத்துக்கொண்டு அதை நிதானமாகச் சொன்னேன். தேசியச் சங்கம் என்ற பெரிய பேச்சு ஒரு குடும்பத்துக்குள் எப்படி வந்து இறங்குகிறது என்பது அங்கேதான் தெரியும்.

முதலில் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்துப் பதிவு செய்து ஓர் ஐட்டா நம்பர் வாங்க வேண்டும். அந்த நம்பரில்தான் அவள் இனி ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் ஏறும். 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். இந்தப் பிரிவுகளில் வயதை மறைத்து ஆடும் கொடுமை எல்லா விளையாட்டிலும் உண்டு, டென்னிஸிலும் உண்டு. சந்தேகம் வந்தால் கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கிறார்கள். பதினாலு வயதுப் பையன் பன்னிரண்டு வயதுக்காரனோடு ஆடினால் தோற்பவன் ஒரு ஆட்டத்தை மட்டும் இழப்பதில்லை, டென்னிஸையே விட்டுவிடுவான். வயதைக் கறாராகப் பார்ப்பது சங்கம் செய்யும் வேலைகளிலேயே உயர்ந்த வேலைகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். அதில் துளி இளக்கமும் கூடாது.

பிறகு போட்டியின் அறிவிப்பு. அதை ஃபேக்ட் ஷீட் என்பார்கள். களிமண் கோர்ட்டா சிமெண்ட் கோர்ட்டா, எந்தக் கம்பெனிப் பந்து, பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது, பெயரைத் திரும்பப் பெறக் கடைசி நாள் எது, ரெஃப்ரி யார் எல்லாம் அதில் இருக்கும். பெயர் கொடுத்தவர்களை ரேங்க் வரிசையில் அடுக்கி ஒரு பட்டியல் வரும். ரேங்க் இருக்கிற பிள்ளைகள் மெயின் டிராவில் நேராக நுழைவார்கள். இல்லாதவர்கள் குவாலிஃபையிங் ஆடி வர வேண்டும். புதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆரம்பிப்பது டேலண்ட் சீரீஸ் என்ற கீழ்த்தட்டுப் போட்டியில். அதற்கு மேலே சாம்பியன்ஷிப் சீரீஸ், சூப்பர் சீரீஸ், நேஷனல் சீரீஸ் என்று ஏறும். ஒவ்வொரு தட்டுக்கும் பாயிண்ட் வேறு. பாயிண்ட் சேர்ந்தால் ரேங்க்; ரேங்க் இருந்தால்தான் அடுத்த தட்டில் இடம்.

போட்டி இடத்துக்குப் போனதும் குறித்த நேரத்துக்குள் ரெஃப்ரி மேசையில் கையெழுத்து. ஐந்து நிமிடம் தாமதித்தாலும் பெயர் போய்விடும். டிரா ஷீட்டை ஒட்டும்போது அப்பாக்கள் எல்லாம் அதைச் சுற்றி நிற்பார்கள், முதல் ரவுண்டில் யார் வருகிறார்கள் என்று பார்க்க.

இதைவிட எனக்குப் பிடித்த ஒன்று கோர்ட்டுக்கு உள்ளே நடக்கிறது. சிறுவர் போட்டிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் அம்பயர் கிடையாது; ரெஃப்ரி பொதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பார். தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று அந்தந்தப் பிள்ளையே சொல்ல வேண்டும். கோட்டுக்கு வெளியே விழுந்தது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் 'அவுட்'. சந்தேகம் என்றால் பந்து உள்ளே, பாயிண்ட் எதிராளிக்கு. களிமண் கோர்ட் என்றால் பந்து விழுந்த தடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்லலாம். ஒன்பது வயதுப் பிள்ளை, அப்பா வேலிக்கு வெளியே நிற்கிறார், வாய் திறந்து எதுவும் சொல்லக்கூடாது, ஸ்கோர் நாலுக்கு நாலு. அந்த நேரத்தில் அவள் குனிந்து தடத்தைப் பார்த்து, கோட்டை ஒரு நூல் தொட்டிருக்கிறது என்று எதிராளிக்குப் பாயிண்டைக் கொடுக்கிறாள். ஒரு விதிமுறைப் புத்தகம் ஒரு குழந்தையை இவ்வளவு நம்புவது வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நம்பிக்கை வீணாகாமல் பார்த்துக்கொள்ள நல்ல ரெஃப்ரி வேண்டும். அவரைப் பயிற்சி கொடுத்து உருவாக்குவதும் சங்கத்தின் பொறுப்பு.

நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார். "முதல் ரவுண்டிலேயே தோத்துட்டா?"

சாயந்திர பஸ் ஏற வேண்டியதுதான். ஆடியது முக்கால் மணி நேரம். போக வர பஸ், ராத்திரி தங்க லாட்ஜ், மூன்று வேளைச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம், அப்பாவுக்கு இரண்டு நாள் வேலை போனது எல்லாம் ஜெயித்தவளுக்கும் தோற்றவளுக்கும் ஒன்றுதான். சென்னைப் பிள்ளை தோற்றால் ஆட்டோவில் வீட்டுக்குப் போகிறாள். அரியலூர்ப் பிள்ளை திருச்சியில் ஆடினாலே எழுபது கிலோமீட்டர். சென்னை என்றால் ராத்திரி முழுக்கப் பயணம். ரேங்க் என்பது திறமைக்கான கணக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆரம்ப வயதில் அது பாதிக்குப் பாதி பயணத்துக்கான கணக்கு. எந்த ஊரில் போட்டி வைக்கிறோம் என்று ஆபீஸில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள், எந்த ஊர்ப் பிள்ளைக்கு ரேங்க் வரும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள்.

தேசியச் சங்கம் என்றதும் பேப்பரில் வருவது இதெல்லாம் இல்லை. டேவிஸ் கோப்பை, ஒலிம்பிக்ஸ், அணித் தேர்வு, சண்டை. அதையும் சொல்லாமல் விட முடியாது. தனி ஆளாக ஆடும் விளையாட்டில் நாட்டின் பெயரில் ஓர் அணியை அனுப்பும் உரிமை சங்கத்துக்குத்தான். அந்த உரிமையின் கனம் எவ்வளவு என்பதற்கு 1974 ஒன்று போதும். நம் சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் ஆடிய இந்திய அணி கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும், புனேயில் சோவியத் யூனியனையும் தோற்கடித்து டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. அங்கே நிறவெறி ஆட்சி. இந்தியா ஆட மறுத்தது. தென்னாப்பிரிக்கா பந்தைத் தொடாமலே கோப்பையை வாங்கிக்கொண்டது. இந்தியா 1966-லும் 1987-லும் இறுதிக்குப் போய்த் தோற்றது. கோப்பைக்கு மிகக் கிட்டே போனது ஆடாத அந்த ஒரு தடவைதான். ஆடியவர்களின் இழப்பு சாதாரணமானதல்ல. ஆனாலும் அந்த முடிவு சரியானது என்றே நான் சொல்வேன். நாட்டின் பெயரில் ஓர் அமைப்பு இருப்பதற்குப் பொருள் அதுதான்.

அதே அதிகாரம் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் வேறு மாதிரிப் போனது. இரட்டையர் ஆட்டத்தில் லியாண்டர் பயஸோடு மகேஷ் பூபதி ஆட வேண்டும் என்றது ஐட்டா. பூபதி மறுத்தார், ரோஹன் போபண்ணாவும் பயஸோடு ஆட மறுத்தார். கடைசியில் இரண்டு ஜோடிகளை அனுப்பினார்கள். பிறகு பூபதிக்கும் போபண்ணாவுக்கும் தடை விதித்தார்கள்; அது கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த வருடம் பிப்ரவரியில் தென்கொரியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் முன்னணி வீரர்கள் 11 பேர் ஆட மறுத்தார்கள். இந்தியா 1-4 என்று தோற்றது. வீரர்கள் கேட்டது பரிசுப் பணத்தில் பங்கு, நல்ல பயிற்சிக் குழு, தங்கள் பேச்சுக்கு ஒரு காது. சங்கமும் ஆடுகிறவர்களும் பேசிக்கொள்ள ஒழுங்கான வழி இல்லாதபோது ஒவ்வொரு முறையும் இப்படித்தான் தெருவுக்கு வருகிறது.

"பணம் எங்கேர்ந்துண்ணே வருது இவங்களுக்கு?"

சரியான கேள்வி. லாரி கணக்குப் பார்க்கிறவரிடமிருந்துதான் இது வரும். பிரான்சில் தேசியச் சங்கமே பிரெஞ்சு ஓபனை நடத்துகிறது. இரண்டு வாரப் போட்டியில் டிக்கெட், டிவி உரிமை என்று வரும் பணம் அந்த நாட்டு கிளப்புகளுக்கும் பயிற்சிக்கும் போகிறது. அங்கே சங்கத்தில் பதிவு செய்துகொண்டு ஆடுகிறவர்கள் சுமார் 10 லட்சம் பேர். இங்கிலாந்தில் விம்பிள்டன் மிச்சத்தின் பெரும்பங்கு அந்த நாட்டுச் சங்கத்துக்கு. நமக்கு அப்படி ஒரு பால் கறக்கும் மாடு கிடையாது. அரசு நிதி, ஸ்பான்சர், உலகச் சங்கத்தின் சிறு உதவி, நுழைவுக் கட்டணம், அவ்வளவுதான்.

நம்மிடமும் ஒரு பெரிய போட்டி இருந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய ஸ்டேடியத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்கள் சென்னை ஓபன் நடந்தது. நடால் எல்லாம் வந்து ஆடிய போட்டி. 2018-ல் அது புனேக்குப் போய்விட்டது. 2022 செப்டம்பரில் பெண்கள் போட்டியாகச் சென்னை ஓபன் திரும்ப வந்தது; விஜய் அமிர்தராஜ் தலைமையிலான தமிழ்நாடு டென்னிஸ் சங்கமும் தமிழக அரசும் சேர்ந்து கொண்டுவந்தன. 2025-லும் நடந்தது. நண்பரின் மகள் டிவியில் பார்த்தது அதைத்தான். அப்படி ஒரு போட்டி நம் ஊரில் நடப்பதால் பெரிய லாபம் வைல்டு கார்டு. ரேங்க் பத்தாத உள்ளூர் வீராங்கனைக்கு நடத்துகிறவர்கள் விரும்பிக் கொடுக்கும் இடம் அது. 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த சர்வதேசப் போட்டியின் குவாலிஃபையிங்கில் கோயம்புத்தூரின் மாயா ராஜேஷ்வரனுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது. பதினைந்து வயதுப் பெண் அங்கிருந்து அரையிறுதி வரைக்கும் போனாள். கதவைத் திறந்துவிட்டால் போதும், உள்ளே போவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நிற்கவே கோயம்புத்தூரில் கோர்ட்டும் கோச்சும் இருக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் ஓட்டு என்ற விஷயம் வருகிறது. ஐட்டாவில் ஓட்டுப் போடுவது மாநிலச் சங்கங்கள். மாநிலச் சங்கம் நிற்பது மாவட்டங்கள், கிளப்புகள் மேல். கோர்ட் இருக்கிற ஊருக்குக் குரல் இருக்கும். குரல் இருக்கிற ஊருக்குப் போட்டி வரும். போட்டி வருகிற ஊரில் இன்னும் இரண்டு கோர்ட் போடுவார்கள். மற்ற ஊர் அப்படியே கிடக்கும். 2024 செப்டம்பரில் ஐட்டா தேர்தலை எதிர்த்து டென்னிஸ் வீரர்கள் சோம்தேவ் தேவ்வர்மனும் பூரவ் ராஜாவும் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். தேர்தல் நடந்தது, முடிவை மூடி முத்திரையிட்டு வைக்கச் சொன்னது நீதிமன்றம். அடுத்த வருடம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. நிர்வாகக் குழுவில் சாதனை வீரர்களுக்கும் பெண்களுக்கும் கட்டாய இடம், வீரர்களுக்குத் தனிக் குழு, வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயம் என்று அதில் நிறைய இருக்கிறது. பேப்பர்கள் கிரிக்கெட் வாரியத்தைப் பற்றியே எழுதித் தள்ளின. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று: தேசிய அமைப்புக்கு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் கிளை இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அரியலூரில் இருந்துகொண்டு ஒருவர் கேள்வி கேட்க அந்த ஒரு வரி போதும்.

"அரியலூர்லேர்ந்து எல்லாம் இந்தியா டீமுக்குப் போக முடியுமாண்ணே, பேச்சுக்குக் கேக்குறேன்."

பேச்சுக்கு எதற்கு? கார்த்தி செல்வம் அரியலூர்ப் பையன்தான். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்தியாவுக்காக இறங்கியதும் பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டவர். அவர் எப்படிப் போனார்? கோவில்பட்டியில் அரசு விளையாட்டு விடுதி இருந்தது. தங்க இடம், சாப்பாடு, மைதானம், கோச் எல்லாம் ஒரே இடத்தில். அரியலூர்ப் பிள்ளைக்குப் பணக்கார அப்பா வேண்டியிருக்கவில்லை. ஹாக்கி அந்த வழியைப் போட்டு வைத்திருந்தது. டென்னிஸ் போடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து இந்தியாவுக்கு ஆடியவர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சென்னை, சென்னை, கோயம்புத்தூர், சென்னை என்றே வரும். இத்தனைக்கும் நம் ஆட்களில் மிகப் பெரியவரான ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவிலில். கற்றுக்கொடுத்தது அவர் அப்பா. 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம், 1960-லும் 1961-லும் அதே விம்பிள்டனில் ஆண்கள் அரையிறுதி. தன் அப்பாவே கோச்சாக அமைகிற பாக்கியம் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்காது. வாய்க்காத பிள்ளைக்கு அந்த இடத்தில் நிற்கத்தான் சங்கம்.

கோர்ட் இல்லையே என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு மாவட்டத்திலும் நிறைய அரசுப் பள்ளிகளில் பூப்பந்து ஆடுகளம் இருக்கிறது. அதன் நீளம் 24 மீட்டர், அகலம் 12 மீட்டர். டென்னிஸ் கோர்ட் 23.77 மீட்டர் நீளம், இரட்டையருக்கு 10.97 மீட்டர் அகலம். கோடு ஏறக்குறைய அதே இடத்தில் வந்து விழுகிறது! ஆறடி வலையை இறக்கி, நடுவில் மூன்றடிக்குக் கட்ட வேண்டும். எல்லைக் கோட்டுக்குப் பின்னால் ஓடி அடிக்க ஆறு மீட்டருக்கு மேல் காலியிடம் வேண்டும். கிராமத்துப் பள்ளி மைதானத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மண் தரையில் பந்து சீராக எழும்பாது என்பது உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளின் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012 முதல் உலகச் சங்கமே விதி செய்திருக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று மெதுவான பந்துகள். சிவப்புப் பந்து மஞ்சளைவிட முக்கால்வாசி வேகம் குறைந்தது. அதற்கு 11 மீட்டர் நீளக் கோர்ட் போதும். இறகுப்பந்து கோர்ட்டுக்குள் அடங்கிவிடும். பள்ளிக்கூடக் கூடத்தின் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, குறுக்கே ஒரு கயிறு கட்டினால் பிள்ளைகள் ஆடலாம்.

ஆக, வேண்டியது கோடி ரூபாய் ஸ்டேடியம் இல்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு பி.இ.டி. ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி, பள்ளிக்கு ஒரு பை நிறைய சிவப்புப் பந்து, சின்ன மட்டைகள் பத்து. இதைச் செய்ய உலகச் சங்கத்திடம் பாடத்திட்டம் இருக்கிறது, ஐட்டாவிடம் கோச்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, மாநிலத்திடம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மூன்றையும் ஒரு பள்ளி மைதானத்தில் கொண்டுவந்து சேர்க்கும் ஆள் மட்டும் இல்லை. அந்த ஆளாக இருப்பதுதான் தேசியச் சங்கத்தின் முதல் வேலை. டேவிஸ் கோப்பை அணி அதற்குப் பிறகு.

நண்பர் இரண்டாவது டீ சொன்னார். "சரிண்ணே, நான் என்ன பண்ணட்டும்?"

சொன்னேன். முதலில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள், ஸ்டேடியத்தில்தான் இருப்பார். பாப்பாவின் பள்ளி பி.இ.டி.யிடம் பேசுங்கள். திருச்சியில் சிறுவர் போட்டி எப்போது என்று ஐட்டா காலண்டரில் பார்த்து, ஆட இல்லை, வேடிக்கை பார்க்க ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எங்கள் மாவட்டத்துக்கு உங்கள் கிளை இருக்கிறதா, இருந்தால் பொறுப்பு யார், இல்லையென்றால் தொடங்க என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கூடவே, 12 வயதுக்குட்பட்டோருக்கு வருடத்துக்கு ஒரு டேலண்ட் சீரீஸ் போட்டி இந்தப் பக்கம் வேண்டும் என்றும் எழுதுங்கள்.

"அரியலூர் பேரில எழுதவா, பெரம்பலூர் பேரிலயா?"

இரண்டு பெயரிலும் எழுதலாம் என்றேன். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தபோது ஒரே மாவட்டம். அரியலூர் 2001-ல் தனியாகி, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. போட்டிக்கு நாலு கோர்ட் கேட்கலாம். இரண்டு அங்கே, இரண்டு இங்கே கிடைத்தாலும் சமாளிக்கலாம். நடுவில் முப்பது கிலோமீட்டர்தான், பஸ் ஓடுகிறது.